பத்துக்குப் பத்து

ஒன்பது வயதில் நான் ஒருமுறை தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். பினாங்கில், நன்கொடையில் நடக்கும் ஒரு மருத்துவப் பிரிவில் சேர்த்திருந்தோம். அங்கே கட்டில் முதல் சுவர்க்கடிகாரம் வரை எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். அக்காவின் கட்டில் யாரோ ஒரு சீனத் தம்பதி தங்கள் கல்யாண நாளுக்காகக் கொடுத்தது. கிருமி அண்டக்கூடாதென்று எங்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று டெலிபோனில்தான் பேச வேண்டும்.

நோய் வருவதற்கு முன்பு ஜுருவில் கார் விற்கும் ஒருவருக்கு அவளைப் பேசியிருந்தார்கள். ஜாதகத்தில் பத்துக்கு ஏழு பொருத்தம். எனக்குப் பட்டுப்பாவாடைக்கு அளவுகூட எடுத்தாயிற்று. நோய் தெரிந்ததும் அவர்கள் வீட்டிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. ஏனென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் அம்மா போனில், “நெசமாவா? பத்துக்குப் பத்தும் பொருந்துதா?” என்று கேட்டுவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏழே போதுமென்றவர்களுக்குப் பத்து கிடைத்தால் அழுகை வராதா? இரண்டு வாரத்துக்கு முன்னால் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் வார்டு நர்ஸ் என் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் தேய்த்ததை இதோடு சேர்த்துப் பார்க்கும் மூளை எனக்கில்லை.

அன்று மத்தியானம் அம்மா டாக்டர் அறைக்குப் போனார். நான் ஓடிப்போய் டெலிபோனை எடுத்தேன்.

“அக்கா, உனக்குக் கல்யாணம் லா! பத்துப் பொருத்தமும் இருக்காம். அம்மா போன்ல பேசுனாங்க.”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். “யாரு, அவங்க வீட்லயா பேசுனாங்க?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் பெரிதாகத் தலையை ஆட்டினேன்.

அவள் மொட்டைத் தலையில் துணியைச் சரிசெய்துகொண்டாள். மிஸ்ஸியிடம் சிவப்புப் பேனா வாங்கி, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். அவள் பொட்டு வைத்து மாதக்கணக்காகியிருந்தது.

அப்போதுதான் அம்மா வந்து என் கையிலிருந்து டெலிபோனைப் பிடுங்கினார்.

“பாப்பாவோட போன் மேரோ உனக்குப் பத்துக்குப் பத்து பொருந்துதாம்மா! நீ பொழைச்சிருவ!”

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையாம், என்னிடமிருந்து எடுத்து அவளுக்கு ஏற்றுவார்களாம். அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் நெற்றியைத் துடைத்தாள். சிவப்பு புருவம் வரைக்கும் இழுபட்டது. அவள் தேம்பித் தேம்பி அழ, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அம்மாவும் சேர்ந்து அழுதார்.

அக்கா பிழைத்தாள். இப்போது பட்டர்வொர்த்தில் வேலை பார்க்கிறாள். அந்தத் தலையாட்டலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு என் கவலையெல்லாம் பட்டுப்பாவாடை போயிற்றே என்பதுதான். ஆனாலும் அக்கா அவ்வளவு அழுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, அம்மாவிடம் டெலிபோனைக் கேட்டு வாங்கினேன்.

“அழாத லா, அக்கா,” என்றேன். “எனக்கும்தான் குத்துவாங்க.”