இடது முன்காலில் லேசான சூடு

டெர்வ்லா கின்செல்லாவுக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்தேழு வருடங்களைக் குதிரைகளோடு கழித்திருக்கிறாள். அவள் தேற்றிவிட்ட குதிரைகள் நாலு நாடுகளில் ஓடிக் கோப்பை வாங்கியிருக்கின்றன. ஆனாலும் பிளாக்ஸ்டேர்ஸ் மலையடியில் இருக்கும் எங்கள் லாயத்தின் சொந்தக்காரி திருமதி பெர்சிவலுக்கு அவள் இன்றும் ‘பொண்ணு’தான். “பொண்ணு எங்க? பொண்ணக் கூப்பிடு” என்பார். குதிரைக்கு மட்டும் இரண்டு பெயர், போட்டிப் பட்டியலில் ஒன்று, வீட்டில் ஒன்று. பட்டியலில் ‘கில்பிரைட் கவர்னர்’ என்றிருக்கும் செம்பழுப்புக் குதிரையை நாங்கள் ‘பன்’ என்று கூப்பிடுகிறோம். ரொட்டி வாசனை வந்தால் சட்டைப் பையைக் கிழித்துவிடுவான்.

எங்கள் போட்டியில் மூன்று பகுதி. அரங்கத்தில் அளந்து வைக்கும் நடை, வெட்டவெளியில் வேலியும் பள்ளமும் தாண்டும் ஓட்டம், கடைசியில் கம்பு தாண்டல். வசந்தத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது அழகு. அந்த அழகு தயாராவது குளிர்காலத்தில், யாரும் பார்க்க வராத சேற்றில். அக்டோபரில் கடைசிப் போட்டி முடிந்ததும் லாடத்தைக் கழற்றிக் குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டுவிடுவோம். கிறிஸ்துமஸ் கழிந்ததும் வயிறு பெருத்து, முடி அடர்ந்து, கரடி மாதிரித் திரும்பி வரும். மறுபடி லாடம் அடித்து, உடம்பு முடியைக் கத்தரித்து, தார்ச்சாலையில் நடத்துவோம். ஆறு வாரம் வெறும் நடை. முதல் நாள் இருபது நிமிடம், ஆறாவது வாரத்தில் ஒன்றரை மணி நேரம். மழையானாலும் ஆலங்கட்டியானாலும், பால் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். அந்த நடையில்தான் கால் இறுகும். இறுகாத காலை ஓடவிட்டால் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத்துத் தசைநார் கிழியும். கிழிந்தால் ஒரு வருடம் போச்சு. பல குதிரைகளுக்கு எல்லாமே போச்சு.

அதனால் டெர்வ்லா விடிந்ததும், தேநீர்கூடக் குடிக்காமல், கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்பது குதிரைகளின் முப்பத்தாறு கால்களையும் தடவிப் பார்ப்பாள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டுக்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரையின் காலில் சூடு இருக்கிறது என்று அவள் வாயால் சொன்னாள். சரி சரி என்றார்கள். ஓட்டினார்கள். கிழிந்தது. “பொண்ணு சொல்லவே இல்லையே” என்று திருமதி பெர்சிவல் மாவட்டம் முழுக்கச் சொன்னார். ஏழையின் வாய்ச்சொல்லுக்கு எந்த ஊரிலும் சாட்சி கிடையாது. மறுநாளே டெர்வ்லா கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, சேண அறையில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. பன்னின் கொட்டடியிலிருந்து டெர்வ்லா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏய் ஊனா, இங்க வாடி. இடது முன்காலத் தொட்டுப் பாரு.”

தொட்டேன். “ஒண்ணும் தெரியலையே.”

“டீக் கோப்பையப் புடிச்ச கையால தொட்டா என்னத்தத் தெரியும்? தண்ணித் தொட்டில கைய விட்டுட்டு வா.”

தொட்டியில் மேலே படிந்திருந்த ஐஸை உடைத்துக் கையை விட்டேன். விரல் மரத்துப்போகும் முன் எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டேன். இருந்தது. வலது காலில் இல்லாத ஒரு வெதுவெதுப்பு, கணுக்கால் பக்கம். நோட்டில் எழுதினாள்: ‘பன். இடது முன்காலில் லேசான சூடு.’

குதிரை ஓட்டுகிற ஃபெர்கஸ் டோரன் கெட்டவன் இல்லை, பயந்தவன். நோட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான். “ஐயோ டெர்வ்லா, சனிக்கிழமை, நடை முடிஞ்சு முதல் மலை ஓட்டம். அந்தம்மா டப்ளின்லேருந்து விருந்தாளிங்களக் கூட்டிட்டு வர்றாங்க. இன்னைக்குப் பாத்தா இத எழுதுவ?”

“நான் எழுதலேன்னா சூடு ஆறிடுமா?”

கால்நடை மருத்துவர் வந்தார். குதிரையைத் துள்ளுநடை போகவிட்டுப் பார்த்தார், நொண்டவில்லை. தசைநாரை அமுக்கினார், குளம்பை அவசரமாக ஒரு முறை இடுக்கியால் நெருக்கினார். ஒன்றும் தெரியவில்லை என்று போய்விட்டார். புதன்கிழமை காலை திருமதி பெர்சிவலே வந்துவிட்டார்.

“இந்தப் பொண்ணு கை எப்பவும் ஐஸ் கட்டி. அவ எதத் தொட்டாலும் சூடாத்தான் இருக்கும். ஒரு குதிர போனதிலேருந்து பயந்துபோய்க் கெடக்கா. சனிக்கிழம பன் ஓடறான். முடியாதுன்னா சொல்லட்டும், நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

வேறு ஆள் பார்ப்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். டெர்வ்லாவின் வீடு லாயத்துக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகள். வேலை போனால் கூரையும் போகும். இந்தத் தொழிலில் பாதிப் பேரின் வாயை அடைத்து வைத்திருப்பது அந்தக் கூரைதான்.

அவள் முகம் வெளுத்தது. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள், “என் கைய நம்ப வேணாம்மா. குதிரையப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு ஆளக் கூப்பிடுங்க. கண்ணக் கட்டித் தொடச் சொல்லுங்க.”

சொல்லி வைத்த மாதிரி தபால்காரி கன்செப்டா வேலியோரம் சைக்கிளைச் சாய்த்தாள். திருமதி பெர்சிவல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவரை மாட்டிவிட்டது. “சரி, பாத்துருவோமே!”

நாலு குதிரைகளை வரிசையாக நிறுத்தினோம். கன்செப்டாவின் கண்ணில் ஃபெர்கஸின் கழுத்துத்துணியைக் கட்டினேன்.

“கடிக்குமாடி?”

“கடிக்கற பக்கம் வேற பக்கம்,” என்றேன்.

“எத்தினி வருசமா லெட்டர் போடறேன், ஒருநாள் ஒரு டீ குடுத்தீங்களா? இன்னைக்குக் கால் புடிக்கச் சொல்றீங்க.”

ஒவ்வொரு இடது முன்காலாகத் தொட்டாள். சைக்கிளில் வந்த கை, நன்றாகக் குளிர்ந்திருந்தது. “மூணாவது,” என்றாள். மூன்றாவது பன். வரிசையை மாற்றினோம். “மொதல்ல நிக்கறது.” அது பன். மறுபடி மாற்றினோம். “கடைசி. இதென்ன, இத்தன பேர்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் காய்ச்சலா?”

திருமதி பெர்சிவல் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். “சரி. ஸ்கேன் எடுங்க. அதுல ஒண்ணும் இல்லேன்னா இந்தப் பேச்சே இருக்கக் கூடாது.”

வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் தசைநார் பிசிறில்லாமல் பளிச்சென்று தெரிந்தது. டெர்வ்லா அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். தோற்றுப்போனோம் என்று அல்ல. கிழியவில்லை, கிழியவில்லை என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். திருமதி பெர்சிவல் காரில் ஏறும்போது, “சனிக்கிழமை பத்து மணி,” என்றார்.

நான் தேநீர் போட்டு, சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொண்டுவந்தேன். அவள் தொடவில்லை. பன்தான் தொட்டான்.

“விடு டெர்வ்லா. தசைநார் நல்லாத்தானே இருக்கு?”

“சூடும் இருக்கே. கை தப்பாச் சொல்லல ஊனா. சொன்னத நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அந்த சாம்பக் குதிர மனசுல உக்காந்துக்கிட்டு, எங்க தொட்டாலும் தசைநார், தசைநார்னுது.” எழுந்து நோட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். செவ்வாய், சூடு. திங்கள், குளிர்ச்சி. ஞாயிறு, குளிர்ச்சி. வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது. ‘மோஸி வந்தான். பன்னுக்குப் புது லாடம்.’

லாடம் அடிக்கிற மோஸி வீலன் இருட்டுவதற்குள் வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“இருவது வருசமா அடிக்கறேன். என் ஆணியப் பாத்துச் சொல்றியா நீ?”

“யோவ், உன்னைய யாரு சொன்னா? ஆணியச் சொல்றேன். கழட்டுய்யா.”

ஒவ்வொன்றாக இழுத்தான். முதல் ஆணி காய்ந்து வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவதை இழுத்தபோது பன் காலை வெடுக்கென்று உதறினான். ஆணி ஈரமாக வந்தது. அதன் பின்னாலேயே மை போல ஒரு சொட்டுக் கறுப்புச் சீழ். உயிர்ச்சதையை ஒட்டி ஏறிய ஆணி. குதிரை நொண்டும் அளவுக்கு இன்னும் பழுக்கவில்லை. சனிக்கிழமை மலை ஏறியிருந்தால் குளம்புக்குள்ளேயே பரவியிருக்கும்.

மோஸி ஆணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். தப்பிக்க வழி தேடவில்லை. “என்னுதுதான்,” என்றான்.

“உன்னுதுதான்யா! உன்னுதேதான்!” டெர்வ்லா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். “தசைநார் இல்ல, ஆணி! பத்து நாள்ல ஆறிடும்!”

“கிறுக்கு புடிச்சுருச்சா இவளுக்கு? திட்டுவான்னு வந்தா முத்தம் குடுக்கறா. பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

நாங்கள் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பன் மிச்ச ரொட்டியையும் முடித்தான்.

அன்று ஃபெர்கஸ் தானே திருமதி பெர்சிவலுக்குப் போன் செய்தான். சனிக்கிழமை அவர் விருந்தாளிகளை மதிய உணவுக்கு வேறெங்கோ அழைத்துப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றும் ‘பொண்ணு’ என்றுதான் சொல்கிறார். லாயத்து வாசலுக்கு மேலே அதிர்ஷ்டத்துக்கென்று ஒரு பழைய லாடத்தை அவர் அடித்து வைத்திருக்கிறார், அதிர்ஷ்டம் கொட்டிவிடாமல் வாய் மேலே பார்க்கும்படி. பன்னுக்கு நல்ல நேரம் இருந்தது என்று அதைக் காட்டிச் சொன்னார். பன்னுக்கு இருந்தது கையுறை கழற்றிய ஒரு கை. ஃபெர்கஸுக்கு அது புரிந்திருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் அவனும் தொட்டியில் கையை விட்டுவிட்டு வந்து தொட்டுப் பார்த்து, நோட்டில் அவள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறான். இனி யாரும் அவள் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது.

குளம்பைப் பத்து நாள் வெந்நீரிலும் உப்பிலும் ஊற வைத்துக் கட்டினோம். பதினோராம் நாள் காலை டெர்வ்லா பன்னின் காலைத் தடவினாள். வலதைத் தொட்டாள், இடதைத் தொட்டாள், மறுபடி வலதைத் தொட்டாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

‘இடது முன்கால்: குளிர்ச்சி.’

“ஊனா,” என்றாள், “அந்த டீயக் கொண்டா.”