கட்டில் போகிற வாசல்

பேத்துப்பாறை ஓடைப் பாலம், பெருமாள்மலை முக்கில் இன்றைக்கும் லாரிகளைத் தாங்கி நிற்கிற தடுப்புச் சுவர், ஊர்க் கோயிலின் மதில், சர்ச்சின் மணிக்கூண்டு, பிறகு கொடைக்கானல் பழைய ஆஸ்பத்திரியின் வடக்குப் பக்கம் முழுவதும். எல்லாம் நான் கட்டியவை. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அப்பன் எனக்கு விட்டுப்போன சொத்து ஒரு கொத்துக் கரண்டி. மலையிலே சிமெண்ட், பனி குடித்து மூட்டைக்குள்ளேயே கல்லாகிவிடும்; அடுப்பு மூட்டி அதைக் காப்பாற்றித்தான் வேலை பார்த்தேன். "இவன் கட்டுனா ஆடிக் காத்துல பறந்துரும்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் வீட்டுக் கூரைதான் பறந்தது. அதையும் நான்தான் போய் மாட்டிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியின் முன்பக்கம் வெள்ளைக்காரர்கள் கட்டியது. அதை நான் கட்டியதாகச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? வடக்குப் பக்கம் ஒரு பெருமழையில் மண்ணோடு சரிந்து போனது. அப்போது அங்கே காச நோயாளிகளைத்தான் வைத்திருந்தார்கள். பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, காலை வெயில் இவங்களுக்கு மருந்து. எந்திரிக்க முடியாதவங்களும் கட்டிலோட வெளிய போகணும்" என்றார்.

கடையில் விற்கிற கதவு நிலை எதுவும் அதற்கு ஆகாது. இரும்புக் கட்டில் ஒன்றை முற்றத்தில் போட்டேன். இரண்டு நர்சுகளை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, அவர்கள் முழங்கை இடிக்காத அளவுக்குத் தரையில் கரியால் கோடு கிழித்தேன். அந்தக் கோடுதான் வாசல். தை மாத உறைபனியில் ஈரச் சுவர் வெடிக்காமல் இருக்கச் சாக்குப் போர்த்தி, பக்கத்தில் கங்குச் சட்டி வைத்துக் கட்டிய சுவர் அது.

நிலை வைக்கிற அன்றைக்குக் கட்டுகிறவனுக்கு மரியாதை செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். மலையில் மாவிலை ஏது? மலைக்குக் கீழே அய்யம்பாளையத்திலிருந்து வரவழைத்துக் கட்டினேன். டாக்டரம்மா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். "எங்களுக்கு இதெல்லாம் கெடையாது மேஸ்திரி. ஆனா ஒங்க கைக்கு மரியாதை உண்டு" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் என் தோளில் துண்டு போட்டார்.

நோயாளிகள் குறைந்ததும் அது பிரசவ ஆஸ்பத்திரி ஆனது. என் பெண்கள் அங்கேதான் பிறந்தார்கள். பிறகு பூட்டிப் போட்டார்கள். கொஞ்ச காலம் பூண்டு மூட்டை அடுக்கினார்கள். இப்போது சொகுசு ஓட்டல் ஆக்குகிறார்கள். ஆகட்டும், கட்டடம் சும்மா கிடந்து பாழாவதற்கு அது மேல்.

சென்ற மாதம் பார்க்கப் போனேன். ஒரு கைடு பையன் வடக்கு வாசலில் சுற்றுலாக் கூட்டத்தை நிறுத்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"இந்தக் கதவு ஏன் இம்புட்டு அகலம்னு சொல்லுங்க பாப்போம்? துரைசானிங்க கவுன் அம்புட்டு அகலம்! இடிக்காம நொழையணும்ல!"

கூட்டம் சிரித்தது, போட்டோ எடுத்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"ஏலே, எந்தத் துரைசானி வந்து ஒங்கிட்ட கவுன் அளவு குடுத்தா? இது சீக்காளி கட்டில் போற வாசல். நான் வச்ச நெலைடா!"

"தாத்தா, டூர் ஓடிக்கிட்டு இருக்கு, செத்த சும்மா இருங்க. கட்டில்னு சொன்னா எவன் போட்டோ எடுப்பான்?"

நேரே மேனேஜரிடம் போனேன். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு தயாராகிறது என்றார். யார் யார் பேர் என்று கேட்டேன். முன்பக்கத்தைக் கட்டிய வெள்ளைக்கார டாக்டர் பேர், முதலாளி பேர், பெயிண்ட் நிறம் தேர்ந்தெடுத்த ஆர்க்கிடெக்ட் பேர்.

"எம் பேரு?"

"உள்ளூர்த் தொழிலாளர்கள்னு ஒரு வரி போடுறோம் ஐயா. அதுல நீங்களும் வந்துருவீங்க."

"பெயிண்டு நெறம் பாத்தவருக்குப் பேரு, செவரு வச்சவனுக்கு வரியா?"

"கோவப்படாதீங்க. வேணும்னா சனி ஞாயிறு தலப்பா கட்டிக்கிட்டு வாசல்ல ஒக்காருங்க. கெஸ்ட் ஒங்களோட போட்டோ எடுத்துக்குவாங்க. டிபன் நம்ம பொறுப்பு."

"பொம்ம வேணும்னா ஏரிக்கரையில விக்கிறான். ஒண்ணு வாங்கி ஒக்கார வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் பெண்கள் "விடுங்கப்பா" என்கிறார்கள். எதை விடுவது? அந்தக் கல் ஏறிவிட்டால் அதுதான் உண்மை. நாளைக்கு என் பேரன் பிள்ளைகள் போனாலும் கவுன் கதையைத்தான் கேட்டுவிட்டு வருவார்கள்.

கல்லில் இன்னும் எழுத்து வெட்டவில்லை என்று தெரியும். அதனால் முதலாளிக்கு இதை எழுதிச் சொல்கிறேன். வடக்குப் பக்கத்தைக் கட்டியவன் என்று என் பேரை அதில் வெட்டுங்கள். என்னோடு கல் சுமந்தவர்களின் பேரையும் நான் சொல்கிறேன், கீழே போடுங்கள். ஆனால் முதலில் என் பேர், தமிழில், வெள்ளைக்காரர் பேருக்கு எந்த அளவு எழுத்தோ அதே அளவில்.