இருபத்திரண்டு சஹன்

ஒரு முற்றத்தைப் பார்த்தவுடன் அதில் எத்தனை சஹன் வைக்கலாம் என்று பஸீர் சொல்லிவிடுவார். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடும் சஹன்தான் அவருடைய அளவு. அரிசி, இறைச்சி, பாய், பரிமாற ஆள் எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்வார். மிளகும் கராம்பும் வாங்கி விற்பது அவர் தொழில். ஆனால் இரத்தோட்டைக்கு மேலே மலையிலிருக்கும் அவர் ஊரில் கலியாணமோ கந்தூரியோ என்றால், நாள் குறிக்கும் முன்பே அவரைக் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தை அடி வைத்து அளப்பார். கிணற்றை எட்டிப் பார்ப்பார். முடியும் என்பார், அல்லது முடியாது என்பார். அவர் பேச்சைக் கேட்காமல் நடத்திய ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் மாமாவுக்கே சோறு இல்லாமல் போனதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

இறந்துபோன தம்பி முத்தலிபுக்காக நாற்பதாம் நாள் ஓதிச் சாப்பாடு போடும் கத்தத்துக்குத்தான் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை.

அடைமழையில் மேட்டுத் தோட்டம் சரிந்து முத்தலிபை மூடியது. ரோடு அறுந்து கிடந்ததால் இயந்திரம் ஏதும் வரவில்லை. மேலே தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து தமிழரும், கீழே கிராமத்திலிருந்து சிங்களவரும் மண்வெட்டியோடு வந்து இரண்டு நாள் தோண்டி மையித்தை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் எல்லோரையும் தன் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்பதே பஸீரின் ஒரே எண்ணமாக இருந்தது. கடையில் இருந்தாலும் மனம் முற்றத்தில் நின்றது. ஒரே நாளில் நான்கு தரம் அளந்தார். நாற்பது சஹன் வைக்கலாம். தோண்டியவர்கள் நூற்று முப்பது பேர், அவர்களுக்கு இருபத்திரண்டு போதும். மிச்சம் மாத்தளைச் சொந்தக்காரருக்கு.

லயத்துக்குப் போய் அழைத்தபோது, தோண்டியவர்களை முன்னின்று நடத்திய சுதர்ஷன் தயங்கினான்.

“கட்டாயம் வர்றோம் நானா. ஆனா ஒரே தட்டுல ஆறு பேரு கைய வச்சு எங்களுக்குப் பழக்கமில்ல. எம் பக்கத்துல உக்கார்றவன் கறிய முடிச்சிட்டுத்தான் நிமிருவான்.”

பஸீரும் சிரித்தார். இறங்கி வரும் வழியில்தான் உறைத்தது. எந்த விருந்திலும் வெளியார் பத்துப் பேர் வருவார்கள். மூலையில் மேசை போட்டுத் தனித்தட்டு வைத்தால் முடிந்தது. இந்த முறை மூலைக்குரியவர்கள் நூற்று முப்பது பேர். மேசையும் கதிரையும் போட்டால் முற்றம் அவர்களோடு நிறைந்துவிடும். இரண்டு பந்தி வைக்கலாமென்றால், நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து சாப்பாடு தொடங்கினால் பின்னேர மழைக்குள் ஒரு பந்திதான் எழும்பும்.

லயத்துக்கும் கிராமத்துக்கும் பார்சல் அனுப்புவதுதான் சாத்தியம் என்று வீட்டில் சொன்னார். கணவன் இறந்ததால் வெளியார் முன் வராமல் இத்தாவில் இருந்த முத்தலிபின் மனைவி ஸுபைதா அறைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பார்சல் அனுப்பினா கூலி குடுக்கிற மாதிரி ஈக்கும் மச்சான்” என்றாள். “அவங்க கூலிக்கா தோண்டின?”

பஸீர் எழுந்து மறுபடி முற்றத்துக்குப் போனார். கோழிக்கூட்டை எடுத்தால், வாழையை வெட்டினால், பக்கத்து வேலியைப் பிரித்தால் என்று யோசித்துப் பார்த்தார். எட்டுப் பேருக்கு இடம் கிடைத்தது. வேலியோரம் நின்றபடியே மாத்தளையிலிருக்கும் தன் மூத்தவள் ஸஜீதா ராத்தாவுக்குப் போன் எடுத்தார்.

சொந்தக்காரர்கள் அன்று மாத்தளையிலேயே ஓதிக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. பஸ் பேசியாகிவிட்டது, நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது என்றாள் ராத்தா.

“சொந்தத் தம்பிட கத்தத்துக்கு எங்கள வரவேணாங்கிறியா?”

“நாம அண்டைக்கி மையித்துப் பாக்க வந்த, ராத்தா. அவங்க எடுக்க வந்த. ரெண்டு பேருக்கும் இடமில்ல.”

“உனக்கு இடமில்லாத முத்தமும் ஈக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

மறுபடி எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் இரண்டு தரம் அழைத்துப் பார்த்தார். பிறகு, அவரையும் வரவேண்டாமென்று சொல்ல, யட்டவத்தையிலிருக்கும் மாமாவின் இலக்கத்தைத் தேடினார்.