ரேகை எடுக்காத விரல்கள்

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகத் தூக்கி வைத்திருந்தேன். தொங்கவிட்டால் விரல்நுனிகள் எரிந்தன.

"கல்யாணத்துக்கு மருதாணி வச்சவன் மாதிரி போறியே" என்றாள் பின்னால் வந்த மனைவி.

பள்ளிக்கூடத்தில் அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்குப் படமும் கைரேகையும் எடுக்கும் முகாம். எங்கள் ஊருக்கு அன்று கடைசி நாள். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஓயாத ரத்தப்போக்கு. அட்டை இருந்தால்தான் அறுவைச் சிகிச்சை இலவசம். அட்டைக்குக் குடும்பத் தலைவனின் ரேகை வேண்டும்.

பல ஊர் சுற்றிவிட்டுத் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு வந்தவன் நான். சுண்ணாம்பு ஆட்டுத்தோலின் மயிரை எடுக்கும். அதைப் புரட்டுகிறவன் விரல் ரேகையையும் எடுக்கும். யாரும் அதை நஷ்டமாக நினைத்ததில்லை.

முதல் தடவை போனபோது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தாள். திரையில் வெறும் திட்டுகள்.

"வரலண்ணா. கை சரியானதும் வாங்க."

வரிசையில் நின்ற ஒருவர், "இன்னாபா, இந்தக் கைய வச்சிக்கினு தோல் ஷெட்ல கெடக்குற? திருடப் போயிருந்தா போலீசுக்கே பேஜாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஷெட்டில் தோலை ஆசிட் தண்ணீரில் சுழற்றும் டிரம்மை ஓட்டிய பாய்தான் வழி சொன்னார். "சுண்ணாம்புல ஊதுன தோலு ஆசிட் தண்ணில அடங்குதா இல்லியா? தோல் மேல இருக்குற வரி, அந்த கிரெய்ன், பளிச்சுனு தெரியுதுல்ல? கைக்கும் அதான்."

தினமும் கண்ணால் பார்த்த வேலை. சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இல்லை. டிரம்மிலிருந்து ஆசிட் தண்ணீரை வாளியில் பிடித்து, ராத்திரி எரியஎரியக் கைகளை முக்கி வைத்திருந்தேன். விடிந்தபோது விரல்நுனித் தோல் வழன்று கிடந்தது.

அந்தக் கையோடுதான் கடைசி நாள் போனோம். அந்தப் பெண் கண்ணாடியைத் தொடவே விடவில்லை.

"என் ரேகைய எடுத்துக்கம்மா" என்றாள் மனைவி.

"சிஸ்டம் எடுக்காதுக்கா."

ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது தோல். அந்த ஊருக்கு ரேகை கேட்கும் மெஷினை அனுப்பியவர்கள் ஒருவன் கையையாவது பார்த்திருக்கலாம்.

நடந்து வந்த வழியில் பிரியாணிக் கடை ஒன்றின் ஓரம் மனைவி உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அடுத்த கேம்ப் எங்க?" என்றாள்.

"வாணியம்பாடி. அப்பால ஊரு ஊரா போவாங்களாம்."

"ரேகை எப்ப மொளைக்கும்?"

"சுண்ணாம்பத் தொடாம இருந்தா மொளைக்கும்."

"அதுவரிக்கும் இன்னா துன்றது?"

அவளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் காலை தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முகாம் காண்டிராக்டர் மேசைகளையும் பேட்டரிகளையும் வேனில் ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கைகளில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"இத்த வச்சிக்கினு இன்னா தூக்குவ?"

"தோள்ல தூக்குறேன் சார். ஊரு ஊரா கூடவே வரேன், கூலி கம்மியா குடுங்க. எந்த ஊர்ல இருந்தாலும், கூட்டம் போனப்புறம் ஒரு தபா விரல வச்சுப் பாக்க வுடணும்."

"மெஷின் கெடக் கூடாது."

"கெடாது சார்."

குனிந்தேன். வேன் டிரைவர் முதல் பேட்டரியை என் தோளில் ஏற்றிவிட்டார்.