சபாரத்தினம் அண்ணாச்சியின் சூட்டு நோட்டு

செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் இடைவேளையில், தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி. நான் சிரித்துக்கொண்டே போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு நாள் காய்ச்சல் இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. வேறு வார்டுக்கு மாற்றுவார்கள், வேட்டி துண்டு கொண்டுவரச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் என் பெயரை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காலமாகிவிட்டார் என்று அவள் சொன்னதும் "யார்?" என்று கேட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு, "அண்ணையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கோ" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை எழுத எனக்கு வராது. திருநெல்வேலிக்காரன் நான், வாயும் கொஞ்சம் நீளம். நடந்ததை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள்தானே இதைப் படிக்கப் போகிறீர்கள்.

எழுபத்து மூன்றில் நான் சிட்னிக்கு வந்து, இஸ்திரிப் பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது, அங்கே தமிழ் பேசும் ஒரே மனிதர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரிப் பெட்டிகளின் சூட்டைப் பரிசோதிக்கும் மேசையில் வேலை. நான் பட்டம் வாங்கிய எஞ்சினியர், அவர் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தவர். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, மறைப்பானேன்? முதல் வாரமே என் வரைபடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஐசே, உம்மடை கணக்கு சரி. இரும்புக்குத்தான் அது தெரியேல்லை" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் கொண்டுவந்த புட்டுக்காகப் பேசினேன்.

அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். மகளின் பெரிய பரீட்சை முடிந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. அண்ணாச்சி சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பகுதியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, குசினி என்று அவர் சொல்லும் சமையலறைக்குத் திரை போட்டு, மகளுக்கு மேசை வாங்கிப் போட்டுக் காத்திருந்தார்.

அவர் துப்பாக்கி சுடுவார் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். சைவம், வெள்ளிக்கிழமை விரதம், திருநீறு இல்லாமல் வெளியே இறங்காத மனிதர். பள்ளிக்கூடத்தில், நம் என்.சி.சி. போன்ற கடேற் படையில் இருந்தபோது பழகியதாம். இங்கே எங்கள் ஃபோர்மன் அவரைத் தன் துப்பாக்கி சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போய், முறையாக உரிமமும் வாங்கவைத்தார். சனிக்கிழமைகளில் காகித இலக்கைச் சுடுவார்கள். ரவைகளை அவரவர் வீட்டிலேயே ஈயத்தில் வார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். ஈயம் துப்பாக்கிக் குழாயில் ஒட்டாமலிருக்க, ரவையைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மெழுகு மசகு ஏற்ற வேண்டும். அதற்குக் கையால் இயக்கும் அழுத்தி என்று ஒரு கருவி இருக்கிறது. அண்ணாச்சி பழைய அழுத்தி ஒன்றை வாங்கி கார் நிறுத்தும் கொட்டிலில் மேசையோடு பொருத்திவைத்தார்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது. கழகத்தில் எல்லாரும் போடும் மசகில் மாட்டுக் கொழுப்பு இருந்தது. "ரவையை யாரும் சாப்பிடப்போவதில்லையே" என்று ஃபோர்மன் சொல்லிப் பார்த்தார். "சாப்பிடாட்டிலும் கையாலை தொடவேணுமே" என்றார் இவர். தேன்மெழுகையும் ஆமணக்கெண்ணெயையும் காய்ச்சித் தானே ஒரு மசகு செய்தார். ஆமணக்கெண்ணெய் மருந்துக்கடையில் சின்னச் சின்னப் போத்தலில்தான் கிடைக்கும். வாராவாரம் நாலு போத்தல் வாங்குவார். கடைக்காரப் பெண்மணி ஒருநாள் மிகுந்த கவலையோடு, இத்தனை நாளாகியும் வயிறு சரியாகவில்லையா, டாக்டரைப் பார்த்தால் என்ன என்று கேட்டிருக்கிறாள். உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, "இப்ப கொஞ்சம் பரவாயில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கொட்டிலில் இருந்த நாற்காலியே ஆடியது.

அந்த மசகு குளிர்காலத்தில் கல்லாகிவிடும். அழுத்தினால் அசையாது. அடியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ஆகக் குறைந்த சூட்டிலேயே எல்லாம் உருகி மேசையெங்கும் ஓடியது. பிஸ்கட் தகரத்துக்குள் விளக்கு வைத்தார். அது போதவில்லை. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். நான் பந்தாவாக நாலு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஓர் அலுமினியக் கட்டை, அதற்குள் சூடேற்றும் கம்பி, தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஒரு சூட்டுக் கட்டுப்படுத்தி, அதோடு விளக்கின் ஒளியைக் குறைக்கும் ஒரு திருகி. சூடு நூற்று நாலு பாரன்ஹீட்டில் நிற்க வேண்டும். என் கணக்குப்படி நின்றிருக்க வேண்டும். ஆனால் நூற்று இருபதுக்கு ஓடும், தொண்ணூறுக்கு விழும், மறுபடி ஓடும். நான் கத்தினேன், திருகியைத் திட்டினேன். அவர் கட்டுப்படுத்தியைக் கட்டையின் அடியிலிருந்து கழற்றி, மெழுகு இருக்கும் குழாயோடு ஒட்டிக் கட்டினார். அரை மணியில் நூற்று நாலில் நின்றது.

அன்றுதான் அந்த நோட்டைத் தொடங்கினார். நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சூட்டைப் பார்த்து எழுதுவார், சரியாக இருந்தால் பக்கத்தில் ஒரு 'சரி' போடுவார்.

இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். எண்ணெயைக் கூட்டி மசகை இளக்கியிருந்தார், அதனால் சூட்டைத் தொண்ணூற்றெட்டுக்கு இறக்க வேண்டியிருந்தது. திருகியை நான்தான் திருப்பினேன். நூற்று நாலு, நூற்று இரண்டு, நூறு என்று அழகாக இறங்கித் தொண்ணூற்றெட்டுக்கு வந்தது. நான் கைதட்டி, நோட்டைப் பிடுங்கி, என் கையாலேயே பெரிதாக ஒரு 'சரி' போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்தால் மசகு கல்லாகக் கிடந்தது. உள்ளே சூட்டுக் கம்பி அறுந்துபோயிருந்தது. அது தொண்ணூற்றெட்டில் நிற்கவே இல்லை, அந்த வழியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி அறுந்த கம்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இறங்கினவுடனை சந்தோசப்படாதையும் தம்பி. முதலிலை கம்பியைப் பாரும்" என்றார். அதன்பின் தொழிற்சாலையில் நான் எதற்காவது குதித்தால் போதும், தூர மேசையிலிருந்து, "கம்பியைப் பாத்தனீரோ?" என்று குரல் வரும்.

அவர் காய்ச்சல் வந்து விழுந்தபோது, இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். தினமும் நூற்று மூன்று, நூற்று நாலு. ஊசி மருந்து ஏற்றினார்கள், மாற்றி ஏற்றினார்கள். நான் வேலை முடிந்து போவேன், ஈரத்துணியை நெற்றியில் போடுவேன், அது காய்ந்ததும் எடுப்பேன். அதைவிட வேறென்ன செய்ய முடியும்? இரும்பாக இருந்தால் திருகியைத் திருப்பலாம். நாலாம் நாள் அந்த நீல நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஆஸ்பத்திரி அட்டையில் செல்சியஸ் இருந்தது. "உது எனக்கு விளங்காது. பரனைற்றிலை எழுதும்" என்றார். நான் பாரன்ஹீட்டாக மாற்றிக் கணக்குப் போட்டு எழுதினேன். கொட்டிலில் நாங்கள் தவங்கிடந்த அதே நூற்று நாலை, இங்கே நாள்தோறும் எழுதினேன், பக்கத்தில் 'சரி' மட்டும் போடவில்லை.

அக்கா உடனே புறப்படுவதென்று முடிவாயிற்று. மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை மாலை யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, ஞாயிறு விமானம் பிடித்து, திங்கட்கிழமை இங்கே வந்துவிடுவார். அதுவரை இவரைப் பிடித்துவைத்தால் போதும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

சனிக்கிழமை காலை அட்டையைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். நோட்டில் எழுதி, 'சரி' போட்டு, வீட்டுக்கு ஓடிவந்து தொலைபேசியிலேயே அக்காவுக்கு அவசரத் தந்தி கொடுத்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, கவலை வேண்டாம் என்று. யாரும் என்னைக் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த ஆறு மணி ரயிலில் அக்கா நிம்மதியாக வரட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதில் தந்தி வந்தது. மகளுக்கு இன்னும் இரண்டு பரீட்சைதான் இருக்கின்றன, காய்ச்சல் விட்டதால் அதை முடித்துக்கொண்டு இரண்டு பேருமாக வியாழக்கிழமை வருகிறோம் என்று. அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "ஓம், நல்லது. பிள்ளை சோதினையை எழுதட்டும்" என்றார். அன்று தொண்ணூற்றேழு. 'சரி' போட்டேன்.

திங்கட்கிழமை மாலை அவர் கால் சில்லென்று இருந்தது. இரண்டு காலுறை மாட்டிவிட்டேன். அங்கே நின்ற நர்ஸ் என் சிரிப்புக்குத் திரும்பச் சிரிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. "எவ்வளவு?" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமல். "தொண்ணூத்தாறு அண்ணாச்சி. ஜம்முனு இறங்கிட்டு." அவர் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "கம்பியைப் பாத்தனீரோ?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "கிண்டல் வந்துட்டுல்லா, அப்போ நாளைக்கே எந்திச்சுருவீங்க" என்றேன். நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலும் 'சரி' போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

அக்காவும் மகளும் வியாழக்கிழமை வந்தார்கள். இடையில் நான் கொடுத்த இரண்டாம் தந்தி அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அண்ணாச்சி வாங்கிப் போட்ட அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா என்னிடம் சொன்னார்: "உங்கடை முதல் தந்தி வந்தாப் பிறகுதான் தம்பி, நாங்கள் ரெண்டு பேரும் வடிவாச் சாப்பிட்டு நித்திரை கொண்டனாங்கள். நீங்கள் நல்லாயிருக்கவேணும்." என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "கடைசியா ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார். "இல்லக்கா, தூங்கிட்டேதான் இருந்தாங்க" என்றேன்.

துப்பாக்கியைச் சட்டப்படி கழகத்தில் ஒப்படைத்தாயிற்று. மசகு அழுத்தியை ஃபோர்மன் எடுத்துக்கொண்டார், அழுதுகொண்டே எடுத்துக்கொண்டார். நீல நோட்டை மட்டும் அக்கா என்னிடம் தந்தார். "உங்கடை எழுத்துத்தானே இதிலை கனக்கக் கிடக்கு" என்றார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். கடைசிப் பக்கத்தில் மூன்று எண்கள், மூன்று 'சரி'. ரப்பரை எடுத்துக்கொண்டு எத்தனையோ தடவை உட்கார்ந்துவிட்டேன். அழிக்க மனம் வரவில்லை.

பரமேஸ்வரி அக்கா, இந்த மலர் உங்கள் கைக்கு வரும். நேரில் சொல்ல எனக்குத் திராணி இல்லாததால் இங்கே எழுதுகிறேன். அண்ணாச்சி கடைசியாக ஒன்று சொன்னார். கம்பியைப் பார்த்தாயா என்று என்னைக் கேட்டார். நான் பார்க்கவில்லை அக்கா.