ஆயுத பூஜையன்று ஓடிய பிளாஸ்மா

பூஜை விடுமுறை என்று பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிவிட்டார்கள். ஆராய்ச்சிக்கும் சேர்த்து லீவு விடுகிற கூட்டம். நான் என் புரோகிராமை ஒரு சிடியில் போட்டுக்கொண்டு சொந்த ஊரான அரியலூருக்கு பஸ் ஏறினேன். இரண்டாயிரத்து ஐந்து என்று நினைவு.

மெல்லிய தகட்டின்மேல் லேசரை அடித்தால் அது பிளாஸ்மாவாக, அதாவது மின்னேறிய கொதிவாயுவாகப் பீறிடும். கம்பி வலை வழியாகப் போனால், கொள்ளிடத்து மதகில் தண்ணீர் சுழல்வதுபோல் அது சுழலும். அந்தச் சுழல் துளியூண்டு காந்தப்புலத்தை இழுத்து முறுக்கிப் பெருக்குமா? நிஜ லேசரைத் தொடும் முன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெருகுகிறது என்று நான் காட்டினால்தான் எங்கள் குழு வெளிநாட்டு லேசர் கூடத்தில் நேரம் கேட்க முடியும். விடுமுறை முடிகிற அன்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அதை நடத்திய அண்ணன் ஒரு மிஷினை எனக்கு விட்டுக்கொடுத்தார். சிமெண்டு தூசியும் ஊதுபத்தி வாசனையும் கலந்த அந்த அறைக்கு ஈடாக இன்றுவரை ஒரு ஏசி அறையும் எனக்கு அமையவில்லை. திரையில் காந்தப்புலத்தின் கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

"பாப்பா, ஆஃப் பண்ணு. இன்னைக்கு மிஷினுக்கு ஓய்வு."

"இது ஓடியே ஆவணும்ண்ணே."

"லாரிக்காரனே இன்னைக்கு ஓட்ட மாட்டான்."

"அவன் லாரி நாளைக்கும் ஓடும்."

அவர் மனைவிதான் தீர்த்துவைத்தார். "ஓடட்டும் வுடுங்க. ஓடுற மிஷினுக்குப் பூஜை பண்ணா சரஸ்வதி கோச்சுக்குவாளா?"

திரைக்குச் சந்தனம், குங்குமம். பெட்டிமேல் புதுப் பட்டுத்துணியை முன்னும் பின்னும் தொங்கவிட்டு, அதன்மேல் பொரித்தட்டையும் வைத்தார் அண்ணி. பின்பக்கம் சூட்டுக்காற்று வெளியேறும் ஓட்டையைத் துணி மூடியதை யாரும் பார்க்கவில்லை. பூஜை நீண்டது. கற்பூரம் காட்டும்போது திரை அணைந்தது.

"சாமி ஏத்துக்கிச்சு" என்றார் அண்ணன்.

"பூஜை பண்ணீங்களா, கொலை பண்ணீங்களா?" என்று கத்தினேன்.

அண்ணி துணியை உருவிப் பெட்டியைத் தொட்டுக் கையை உதறினார். "அடுப்பாட்டம் கொதிக்குது." பிறகு ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிற ஆரம்பித்தார்.

பாதிவரைதான் பதிவாகியிருந்தது. மீதியை ஓட்ட நாள் இல்லை. எஸ்டிடி பூத்திலிருந்து என் பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"பாதி வரைக்கும் ஏறுது சார்."

"மேல போவுமா?"

"தெரியாது."

"பெருகுதுன்னே எழுதிடலாமா?"

"பாதி வரைக்கும் பெருகுதுன்னு எழுதுங்க சார். அதுக்கு மேல எழுதினா பொய்."

அவர் அப்படியே எழுதினார். முழுக் கணக்கோடு வாருங்கள் என்று லேசர் கூடத்தார் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

அந்தக் கோபத்தைக் காட்டிவிட்டு, அங்கேயே கிடந்த பாதிப் பதிவை எடுத்துவரத்தான் அடுத்த விடுமுறையில் சென்டருக்குப் போனேன். அந்த மிஷினை யாரும் தொடாதபடி எனக்காக ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒரு நாற்காலியில் இரண்டு பேராக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "முடியற வரைக்கும் ஓட்டு பாப்பா" என்றார் அண்ணி. மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். பதிவான இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

கோடு ஏறியது, பிறகு படுத்துவிட்டது. நாங்கள் ஆசைப்பட்ட உயரத்தில் பாதிகூட இல்லை. மறுமுறை அந்த முழுக் கணக்கைக் காட்டித்தான் லேசர் நேரம் வாங்கினோம்.

"இவ்வளவுதானா?" என்று, கோடு படுத்த அன்று அண்ணி திரையை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதான் அண்ணி."

"ஏறிச்சுல்ல" என்றார்.