பேர் சொல்லிக் கூப்பிட்ட மகன்

வாணியம்பாடிச் செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போனபின் வெற்றிவேல் இங்கிலீஷ் கற்றுக்கொண்டான். அன்றிலிருந்தே அவன் அம்மா செல்லிக்கு மகன்மேல் ஒரு சந்தேகக் கண்.

தங்கை கோகிலவாணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று லீவு போட்டு மலைமேல் இருக்கும் ஊருக்கு வந்திருந்தான். வாசலில் அம்மாவோடு புளி தட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஹலோ கலீல்!"

செல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேனேஜர் கலீலுல்லா நரைத்த தாடிக்காரர். போன வருஷம் இங்கே வந்து சாமைச்சோறு சாப்பிட்டுப் போனவர். போனை வைத்ததும் மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு வயசு இன்னா, உன் வயசு இன்னா? பேர் சொல்லியா கூப்புடுவ?"

"அவருதாம்மா அப்டிக் கூப்புடச் சொன்னாரு. இங்கிலீஷ்ல பெரியவங்க, சின்னவங்க எல்லாருக்கும் ஒரே 'யூ'தான்."

செல்லி நம்பவில்லை. தமிழ் தெரிந்த இரண்டு பேர் எதற்கு இங்கிலீஷில் பேச வேண்டும்? போன் பேச்சில் 'சிஸ்டர்', 'மேரேஜ்' என்ற வார்த்தைகள் வேறு காதில் விழுந்தன. கம்பெனியில் எவனுக்கோ பெண்ணைப் பேசி முடிக்கிறானோ? அன்று ராத்திரி அண்ணனும் தங்கையும் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது சந்தேகத்தை இன்னும் கிளறியது.

மறுநாள் மாப்பிள்ளை ஆனந்தனின் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு மாறப்போகும் நேரத்தில் வெற்றிவேல் வாய் திறந்தான்.

"கோகிலாவ யாராவது கேட்டீங்களா?"

ஆனந்தனின் மாமா சிரித்தார். "பொண்ண எதுக்குப்பா கேக்கணும்?"

"எனக்கு இஷ்டமில்ல" என்றாள் கோகிலவாணி, கதவோரம் நின்று.

தட்டு மாறவில்லை. வந்தவர்கள் போனதும் செல்லி மகன்மேல் பாய்ந்தாள். "இதத்தான் போன்ல பேசிக்கினு இருந்தியா? இங்கிலீஷ் உன்னக் கெடுத்துடுச்சுடா!"

"இங்கிலீஷ் இல்லம்மா. முஸ்லிமுங்கள்ல பொண்ணு சம்மதம் கேக்காம நிக்காஹ் முடிக்க மாட்டாங்களாம். உன் தங்கச்சியக் கேட்டியான்னு மேனேஜரு கேட்டாரு. அப்பறந்தான் போய் அவளக் கேட்டேன்."

"அத தமிழ்லயே சொல்றதுக்கு இன்னா?"

"தமிழ்ல அவரு எனக்கு மேனேஜரு. வூட்டு விஷயம் பேச வாய் வராது. இங்கிலீஷ்ல பேசறப்போதான் அந்தக் கூச்சம் போவுது."

சாயங்காலம் செல்லி அடுப்படியில் மகளின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"மனசுல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. படிக்கணும், அவ்ளோதான்."

மகளின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் செல்லி. முதல்முறையாகக் கேட்டுவிட்டாள். பதிலைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை.